சீட்டெண்ணும் கலையும் சூதாட்டப் பொறியும்

நளன் கதையை அறியாத தமிழர் இலர். சூதிலே நாடிழந்து, மனைவியைக் கானகத்தில் விட்டுப் பிரிந்து, உருமாறிய நிலையில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக அமர்ந்தான் நளன். தேர் விதர்ப்ப நாட்டை நோக்கி விரைந்து செல்லும்போது வழியில் ஒரு தான்றி மரம் தோன்றியது. இருதுபன்னன் தேரை நிறுத்தாமலே, ஒரே பார்வையில், அம்மரத்திலுள்ள காய்களின் தொகையைச் சொன்னான். நளன் இறங்கி எண்ணிப் பார்த்தான், தொகை பிழைக்கவில்லை. தன் தேர்க்கலையை அவனுக்கு ஈந்து, அவனுடைய எண்கலையைத் தான் பெற்றுக்கொண்டான். பின்னர், எந்தச் சூது தன்னை வீழ்த்தியதோ அந்தச் சூதினாலேயே இழந்த நாட்டை மீட்டான் என்று கதை கூறுகின்றது.

எண்ணத் தெரிந்தவன் சூதை வெல்லலாம் என்னும் ஆசை மனித குலத்துக்கு எத்துணைப் பழையது என்பதற்கு இக்கதையே சான்று. ஆயின் அது கதை. மெய்யாகவே எண்ணிக்கையின் வலிமையால் சூதாட்ட மண்டபத்தை ஒருவன் வென்ற வரலாறு உண்டா? உண்டு. அவ்வரலாறு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நாட்டிலே நிகழ்ந்தது. அவ்வெற்றிக்குப் பின்னர், மனிதன் சீட்டைப் பகிர்ந்த இடத்திலே மின்பொறி வந்து அமர்ந்தது. அப்பொறியின் முன் இருந்துகொண்டு, பழைய எண்கலையினால் அதையும் வெல்லலாம் என்று நம்பிப் பொருளைச் செலவிடுவோர் பலர். அந்நம்பிக்கைக்கு அடிப்படை உண்டா என்பதை ஆராய்வதாயின், முதலில் ஆட்டத்தின் இயல்பையும், அதனை வென்றவர்களின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

அமெரிக்கர் 'பிளக்ஜாக்' என்று வழங்கும் ஆட்டம் ஐரோப்பாவிலே 'இருபத்தொன்று' என்னும் பெயரால் நெடுங்காலம் ஆடப்பட்டது. ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்ரஸ் 1613ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத் தொகுதியிலேயே இவ்வகை ஆட்டத்தைக் குறிப்பிடுகின்றார். ஆட்டத்தின் விதி எளியது. படச் சீட்டுகள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு 10. ஆசுக்கு மதிப்பு 1 அல்லது 11. ஏனையவற்றுக்கு அவற்றின் எண்ணே மதிப்பு. ஆடுவோனுக்கும், மண்டபத்தின் சார்பிலே சீட்டைப் பகிர்வோனுக்கும் இவ்விரண்டு சீட்டுகள் கிடைக்கும். பகிர்வோனின் சீட்டுகளில் ஒன்று திறந்திருக்கும். ஆடுவோன் விரும்பினால் மேலும் சீட்டுகளைப் பெறலாம். 21ஐத் தாண்டினால் தோல்வி. தாண்டாமல் 21ஐ அதிகம் நெருங்கியவனுக்கே வெற்றி. முதலிரு சீட்டுகளிலேயே ஆசும் 10 மதிப்புச் சீட்டும் சேர்ந்துவிட்டால் அதுவே உயர்ந்த கை. அதற்கு மண்டபம் 10 டொலருக்கு 15 டொலர் வீதம் கொடுப்பது பழைய மரபு.

ஆடுவோனுக்குத் தெரிவு உண்டு, பகிர்வோனுக்கு இல்லை. தன் தொகை 16 அல்லது அதற்குக் குறைவாயின் அவன் சீட்டெடுத்தே ஆகவேண்டும். 17இல் நின்றே ஆகவேண்டும். இவ்வாறிருக்கவும் மண்டபம் இலாபம் பெறுவது எப்படி? ஆடுவோன் முந்தி ஆடவேண்டும் என்பதே அதன் இரகசியம். அவன் 21ஐத் தாண்டிய அக்கணமே பணயம் பறிபோகின்றது. பின்னர் பகிர்வோனும் தாண்டினாலும் போன பொருள் திரும்புவதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தை மனத்திற் கொள்ளவேண்டும். தாயக் கட்டைக்கு நினைவில்லை. பத்து முறை தொடர்ந்து ஒரே எண் விழுந்தாலும் பதினொராம் முறை அது விழும் வாய்ப்பு முன்போலவே இருக்கும். சீட்டுக்கட்டு அத்தகையதன்று. 52 சீட்டுகளில் நான்கே ஆசுகள் உள. அவை நான்கும் ஆடித் தீர்ந்துவிட்டால், கட்டைத் திரும்பக் கலைக்கும்வரை இன்னோர் ஆசு வருவதற்கு வழியில்லை. போன சீட்டுகள் வரவிருக்கும் சீட்டுகளைப் பற்றிப் பேசுகின்றன. சுருங்கச் சொன்னால், சீட்டுக்கட்டுக்கு நினைவுண்டு. அந்நினைவை வாசிப்பதே சீட்டெண்ணும் கலை.

இக்கலைக்கு அடித்தளமிட்டோர் சூதாடிகள் அல்லர். அமெரிக்கப் படையிலே கடமையாற்றிய நான்கு இளைஞர். றோஜர் போல்ட்வின், வில்பேட் கன்ரி, ஹேபேட் மெய்செல், ஜேம்ஸ் மக்டேமற் என்போர் அவர்கள். மேரிலன்ட் மாநிலத்து அபடீன் படைத்தளத்திலே பணிபுரிந்த காலத்தில், ஓய்வு வேளைகளில், மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் சாதாரணக் கணக்குப் பொறிகளைக் கொண்டு, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் அவர்கள் இவ்வாட்டத்தின் ஒவ்வொரு நிலையையும் கணித்தனர். எந்தத் தொகையில் நிற்பது, எதில் மேலும் சீட்டெடுப்பது, எப்போது பணயத்தை இரட்டிப்பது என்பவற்றை அட்டவணைப்படுத்தி, 1956ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் அமெரிக்கப் புள்ளிவிபரச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். அவர்கள் கூறியபடி பிழையின்றி ஆடினால் மண்டபத்தின் மேலாண்மை வெறும் 0.62 வீதமே என்பது அக்கணிப்பின் முடிவு. அஃதாவது, பணயமாக வைக்கும் ஒவ்வொரு 100 டொலருக்கும் சராசரி 62 சதம் மாத்திரமே நட்டம். அனுபவசாலிகள் என்று தம்மைக் கருதிய சூதாடிகள் அறியாத உண்மையை, சூதாடாத நால்வர் பென்சிலும் பொறியுங் கொண்டு கண்டறிந்தனர்.

அவர்களும் ஒரு வாசலைத் திறவாமலே விட்டனர். அவர்களது கணிப்பு, ஒவ்வோர் ஆட்டமும் முழுக் கட்டிலிருந்தே தொடங்குகின்றது என்று கொண்டது. கட்டின் நினைவை அது கணக்கில் எடுக்கவில்லை. அவ்வாசலைத் திறந்தவர் எட்வேட் தோர்ப் என்னும் கணித அறிஞர்.

1932இல் சிக்காகோ நகரிலே பிறந்து, கலிபோர்ணியாச் சர்வகலாசாலையின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்ற தோர்ப், 1958ஆம் ஆண்டின் இறுதியில் மனைவியோடு லாஸ் வேகாஸ் நகருக்குச் சென்றார். புறப்படுமுன் சக ஆசிரியர் ஒருவர் அந்நால்வரின் கட்டுரையைப் பற்றிக் கூறியிருந்தார். அதன் அட்டவணையை ஒரு சிறு அட்டையில் எழுதிக்கொண்டு 10 வெள்ளி டொலர்களோடு மேசையில் அமர்ந்தார். எட்டரை டொலர் தோற்று எழுந்தார். தோல்வி சிறிது, அது எழுப்பிய சிந்தனையோ பெரிது. ஊர் திரும்பியதும் கட்டுரையை ஊன்றிப் படித்த தோர்ப்புக்கு, ஆடித் தீர்ந்த சீட்டுகளைக் கருத்திற் கொண்டால் மேலாண்மை சில வேளைகளில் ஆடுவோன் பக்கம் சாயக்கூடும் என்ற எண்ணம் உதித்தது.

அதனைக் கையாற் கணிப்பது ஒரு மனித ஆயுளில் முடியும் காரியமன்று. நல்வாய்ப்பாக, மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் அவருக்கு ஆசிரியப் பதவி கிடைத்தது. அங்கே ஐ. பி. எம். 704 என்னும் பெருங்கணனி இருந்தது. அதற்கு ஆணையிடும் மொழியைத் தாமே கற்று, ஒவ்வொரு வகைச் சீட்டையும் கட்டிலிருந்து நீக்கினால் என்ன நிகழும் என்று கணித்தார். விடை வியப்பூட்டியது. ஐந்துகள் நான்கும் நீங்கிய கட்டிலே ஆடுவோனுக்கு 3 வீதத்துக்கு மேற்பட்ட மேலாண்மை கிடைத்தது. சிறு சீட்டுகள் தீர்ந்து, பத்துகளும் ஆசுகளும் மிகுந்த கட்டு ஆடுவோனுக்கு நல்லது. இவை தீர்ந்து சிறு சீட்டுகள் மிகுந்த கட்டு மண்டபத்துக்கு நல்லது.

காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. பத்துகளும் ஆசுகளும் மிகுந்தால் உயர்ந்த கை இரு சாராருக்கும் சமமாகவே அடிக்கடி வரும். ஆயின் ஆடுவோனுக்கு அதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்கப்படுகின்றது, பகிர்வோனுக்கு அவ்வாறில்லை. அன்றியும், 16இல் சீட்டெடுத்தே ஆகவேண்டிய பகிர்வோன் பெருஞ்சீட்டை எடுத்து அழிகின்றான், ஆடுவோனோ நின்றுவிடலாம்.

தோர்ப் தம் முடிவை 1961ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வாசிங்டன் நகரில் நடைபெற்ற அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்திலே வாசித்தார். அதே மாதத்தில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டிலும் அது அச்சேறியது. தகவற் கொள்கையின் தந்தையெனப் போற்றப்படும் கிளோட் ஷனனே அக்கட்டுரையைக் கழகத்துக்குச் சமர்ப்பித்தவர். எவ்வளவு பணயம் வைப்பது என்னும் வினாவுக்கும் ஷனன் வழிகாட்டினார். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன் கெலி 1956இல் கண்ட விதிப்படி, மேலாண்மை எவ்வளவோ அதற்கேற்ற பங்கையே கைப்பொருளிலிருந்து பணயமாக வைத்தல் வேண்டும். மிஞ்சினால் அறிவாளியும் அழிவான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நகைத்தவர்களும் இருந்தனர். ஆகவே இரு செல்வர்கள் தந்த 10,000 டொலரோடு தோர்ப் நெவாடா மாநிலத்துக்குச் சென்றார். சில நாட்களுக்குள் அத்தொகை இரு மடங்குக்குச் சற்று மேலாயிற்று. 11,000 டொலர் இலாபம். 1962இல் அவர் எழுதிய 'பீட் த டீலர்' என்னும் நூல் நாடெங்கும் பரவியது. சூதாட்டத்தைச் சட்டமாக்கிய 1931ஆம் ஆண்டு முதல் அச்சமின்றி வாழ்ந்த நெவாடா மண்டபங்கள் முதன்முறையாக ஒரு கணித ஆசிரியரைக் கண்டு அஞ்சின.

பின்னர் கலை மேலும் எளிதாயிற்று. ஹாவி டப்னர் என்பவர் 1963இல் ஒரு முறையை எடுத்துரைத்தார். 2 முதல் 6 வரையுள்ள சீட்டு தோன்றினால் ஒன்றைக் கூட்டுக; பத்து, படம், ஆசு தோன்றினால் ஒன்றைக் கழிக்க; 7, 8, 9 தோன்றினால் வாளாவிருக்க. ஒரு கட்டிலே கூட்டுவன 20, கழிப்பன 20. ஆதலால் முழுக்கட்டும் தீர்ந்தால் கணக்குப் பூச்சியமாகும். இடையிலே தொகை உயர்ந்து நின்றால் மீதிக் கட்டிலே பெருஞ்சீட்டுகள் மிகுந்துள்ளன என்பது பொருள். அப்போது பணயத்தை உயர்த்துக. ஐ. பி. எம். நிறுவனத்தைச் சேர்ந்த யூலியன் பிறவுன் செம்மையாகக் கணித்துதவ, இம்முறை தோர்ப்பின் நூலினது 1966ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. ஒரு பாடசாலை மாணவனும் பழகக்கூடிய கணக்கு இது. ஆயினும் இதனால் வரும் மேலாண்மை பெரும்பாலும் 1 வீதத்தை ஒட்டியதே. பல்லாயிரம் ஆட்டங்களைப் பொறுமையுடன் ஆடி, இடையிடையே வரும் பெருநட்டங்களைத் தாங்கும் கைப்பொருளும் மனவுறுதியும் உடையவனுக்கே அது பயன்படும்.

மண்டபத்தார் கைகட்டி நிற்கவில்லை. 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி லாஸ் வேகாஸ் விடுதிச் சங்கம் ஆட்ட விதிகளையே மாற்றியது. பணயத்தை இரட்டிக்கும் உரிமை 11 என்னும் தொகைக்கு மாத்திரம் என வரையறுக்கப்பட்டது. ஆசுகளைப் பிரித்து ஆடும் உரிமை எடுக்கப்பட்டது. எண்ணத் தெரியாத பொதுமக்களும் மேசையை விட்டு நீங்கினர். வருவாய் குன்றவே, சில வாரங்களுக்குள் பழைய விதிகள் மீண்டன. உண்மையில் நிகழ்ந்ததோ வேறு. நூலைப் படித்துவிட்டு வந்தவர்களுள் மிகச் சிலரே அதனைச் செம்மையாகப் பழகியவர்கள். ஏனையோர் தம்மைத் தோர்ப் என எண்ணிக்கொண்டு தோற்றனர். ஆட்டம் வெல்லத்தக்கது என்னும் செய்தியே மண்டபத்துக்குச் சிறந்த விளம்பரமாயிற்று. இவ்வுண்மையை மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நலம்; பொறியின் வரலாற்றிலும் இதுவே திரும்ப நிகழ்கின்றது.

விதியை மாற்ற இயலாத மண்டபங்கள் வேறு வழிகளை நாடின. ஒரு கட்டுக்குப் பதிலாக நான்கு, ஆறு, எட்டுக் கட்டுகளை ஒன்றாகக் கலந்து ஆடின. கட்டு முடியுமுன்பே திரும்பக் கலைத்தன. எண்ணுவோன் என ஐயுற்றவனை வெளியேற்றின. இங்கே ஒரு நியாய வினா எழுந்தது. தன் மூளையைப் பயன்படுத்துவது குற்றமாகுமா? பசுபிக் பங்குச் சந்தையில் உயர்பதவி வகித்தவரும், குழுவாகச் சேர்ந்து சீட்டெண்ணுவதிற் பேர்பெற்றவருமான கென் அஸ்ற்றன் என்பவரை அத்திலாந்திக் சிற்றி நகரத்துக் கசினோ ஒன்று 1979இல் விலக்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். 1982இல் நியூ ஜேர்சி மாநில உயர்நீதிமன்றம், மாநிலக் கசினோக் கட்டுப்பாட்டு ஆணைக்குழுவின் விதி இல்லாதவிடத்து, திறமையாக ஆடுகின்றான் என்ற காரணத்துக்காக ஒருவனை விலக்கும் உரிமை கசினோவுக்கு இல்லை எனத் தீர்ப்பளித்தது. நெவாடாவிலோ மண்டபத்தார் எண்ணுவோரை விலக்கி வரலாயினர். ஆயினும் அங்கும் மனத்தினால் எண்ணுவது குற்றமன்று. மறைவான கருவியின் துணைகொண்டு எண்ணுவதையே 1985ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது.

வழக்கில் வென்ற சிந்தனையாளனை மண்டபம் விஞ்ஞானத்தினால் வெல்ல முற்பட்டது. ஆடிய சீட்டுகளை அவ்வப்போதே திரும்ப வாங்கி இடையறாது கலைத்துக்கொண்டிருக்கும் பெட்டிகள் மேசைமேல் வந்தன. மறுபுறம், 1970களிலே தொலைக்காட்சித் திரை பொருந்திய சூதாட்டப் பொறிகள் தோன்றி, அடுத்த பத்தாண்டில் பெருகின. அவற்றுட் சில இருபத்தொன்று ஆட்டத்தையும் ஆடின. பகிர்வோன் இல்லை, காகிதச் சீட்டும் இல்லை. பொத்தானை அழுத்தினால் திரையிலே சீட்டின் உருவம் தோன்றும்.

இப்பொறியின் உள்ளே நிகழ்வது என்ன? மனம்போன போக்கிலே எண்களைத் தருவது போன்ற ஒரு கணக்கு முறை கணனிக்குள் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும். ஆடுவோன் பொத்தானை அழுத்தியதும், அவ்வெண்களைக் கொண்டு 52 சீட்டுகளுக்கும் ஒரு புதிய ஒழுங்கு அமைக்கப்படும். ஆட்டம் முடிந்ததும் அவ்வொழுங்கு அழிக்கப்பட்டு, அடுத்த ஆட்டத்துக்கு முழுக்கட்டும் புதிதாக ஒழுங்குபடுத்தப்படும். சீட்டு வருகையைப் பொறி களவாக மாற்றுகின்றது என்று சிலர் ஐயுறுவர். நெவாடாவின் ஒழுங்குவிதியோ, மேசையில் ஆடப்படும் ஆட்டத்தைப் பொறி காட்டுமாயின், ஒவ்வொரு சீட்டும் தோன்றும் வாய்ப்பு மெய்யான கட்டில் உள்ளபடியே இருத்தல்வேண்டும் என விதிக்கின்றது. ஆதலால் அங்குள்ள பொறி நேர்மையாகவே பகிர்கின்றது. நேர்மையாகப் பகிர்வதனாலேயே எண்ணுவோனுக்கு இடமில்லாமற் போகின்றது.

எண்கலையின் உயிர்நாடி எது? பணயம் வைக்கும் வேளையில், கட்டின் நிலை தனக்குச் சாதகமா அன்றா என்பதை அறிந்திருத்தல். பொறியிலோ பணயம் வைக்கும் ஒவ்வொரு வேளையிலும் கட்டு முழுமையானது. கணக்கு எப்போதும் பூச்சியம். முந்திய ஆட்டத்திலே நான்கு ஆசுகளும் தோன்றினவா, ஒன்றும் தோன்றவில்லையா என்பதனால் அடுத்த ஆட்டம் அணுவளவும் மாறாது. ஓர் ஆட்டத்துக்குள்ளே தோன்றும் சில சீட்டுகளை எண்ணி, நிற்பதா எடுப்பதா என்பதைச் சற்று நுணுக்கமாகத் தீர்மானிக்கலாம். ஆனால் அதன் பயன் மிகமிகச் சிறிது. அறிவு வரும்போது பணயத்தை மாற்ற வழியில்லை. பணயத்தை மாற்றும் வழி உள்ளபோது அறிவு இல்லை. சீட்டுக்கட்டைத் தாயக் கட்டையாக மாற்றிவிட்டது பொறி.

இதனோடு இன்னொரு தடையும் உண்டு. இத்தகைய பொறிகளுட் பல, உயர்ந்த கைக்கு ஒன்றரை மடங்கு கொடாமல் பணயத்துக்குச் சமமான தொகையையே கொடுக்கின்றன. கேட்பவர்க்கு இது அற்பமாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கட்டிலிருந்து முதலிரு சீட்டுகளில் உயர்ந்த கை வரும் வாய்ப்பு 4.83 வீதம்; ஏறத்தாழ 21 ஆட்டத்துக்கு ஒன்று. ஆட்டத்துக்கு 10 டொலர் வீதம் ஒருவன் 1,000 ஆட்டம் ஆடினால் 48 முறை அது வரும். பகிர்வோனுக்கும் அதே கை வந்து சமனாகும் ஓரிரு முறைகளைக் கழித்தால் 46 எஞ்சும். ஒவ்வொன்றிலும் 5 டொலர் குறைவதால் மொத்தக் குறைவு 230 டொலர். வைத்த பணயம் 10,000 டொலர். எனவே இவ்வொரு விதியினால் மாத்திரம் 2.3 வீதம் மண்டபத்தின் பக்கம் சேர்கின்றது. எண்ணுவோன் பல மாதப் பயிற்சியாற் பெறும் மேலாண்மையோ 1 வீதம். எண்ணுவதற்கு இடமிருந்தாலும், இப்பொறியிலே அவன் மண்டபத்தை எட்டிப் பிடித்தல் அரிது.

மூன்றாவது தடை வேகம். மேசையிலே பகிர்வோன் சீட்டைக் கலைக்க வேண்டும். பலருக்குப் பகிர வேண்டும். காசை எண்ண வேண்டும். பொறிக்கு இவை எதுவுமில்லை. மேசையிலே மணிக்கு 70 ஆட்டம், ஆட்டத்துக்கு 5 டொலர், மண்டபத்தின் மேலாண்மை அரை வீதம் என்று கொண்டால் ஒரு மணி நேர நட்டம் 1 டொலர் 75 சதம். பொறியிலே ஆட்டத்துக்கு ஒரு டொலர்தானே என்று எண்ணி, மணிக்கு 400 ஆட்டத்தை இரண்டரை வீத மேலாண்மைக்கு எதிரே ஆடுபவன் 10 டொலரை இழக்கின்றான். சிறு பணயம் பெருநட்டமாவது இவ்வாறே.

அவ்வாறாயின் பொறியை வெல்லும் வழி ஒருக்காலும் இல்லையா? சில விலக்குகள் உண்டு. பலர் ஒருங்கே அமர்ந்து ஆடும் சில மின்மேசைகளிலே, பல கட்டுகளைக் கலந்த ஒரு தொகுதியைப் பொறி பல ஆட்டங்களுக்குத் தொடர்ந்து பகிர்ந்து, குறித்த இடத்திலே மாத்திரம் திரும்பக் கலைக்குமாயின், அங்கே கட்டுக்கு நினைவுண்டு; எண்கலைக்கும் பொருளுண்டு. ஆயின் எத்தனை கட்டு, எவ்விடத்திற் கலைத்தல், உயர்ந்த கைக்கு என்ன கொடுப்பது, பணயத்தின் உச்ச எல்லை எவ்வளவு என்னும் நான்கையும் மண்டபமே தீர்மானிக்கின்றது. அறிந்தே திறந்துவைத்த வாசல் பெரும்பாலும் அகலமாக இருப்பதில்லை.

வேறு சில வெற்றிகள் வரலாற்றில் உள. அவை எண்ணியவர் பெற்றவையல்ல; பொறியின் கணக்கிலே குறைகண்டவர் பெற்றவை. 52 சீட்டுகளை ஒழுங்குபடுத்தும் வகைகளின் தொகை 68 இலக்கங்கள் கொண்ட பேரெண். 1999இல் கணனி வலையிலே நடந்த ஒரு சீட்டாட்டத்தை ஆராய்ந்த அமெரிக்க மென்பொருள் அறிஞர் சிலர், அதன் கலைப்பு முறை நாளின் நேரத்தை வித்தாகக் கொண்டு தொடங்குவதைக் கண்டனர். ஒரு நாளில் உள்ள ஆயிரத்தொரு பங்கு விநாடிகள் 8 கோடியே 64 இலட்சம். ஆகவே 68 இலக்கப் பேரெண்ணுக்குப் பதிலாக அத்தனை ஒழுங்குகளே தோன்றக்கூடும். தம் கடிகாரத்தைப் பொறியின் கடிகாரத்தோடு இசைத்ததும் அத்தொகை 2 இலட்சமளவிற்குச் சுருங்கியது. கண்முன் தோன்றிய ஐந்து சீட்டுகளைக் கொண்டே எஞ்சிய யாவற்றையும் அவர்கள் கண்டறிந்தனர். தம் ஆட்டம் நேர்மையானது என்று காட்டுவதற்காக அந்நிறுவனமே கலைப்பு முறையை வெளியிட்டிருந்தது என்பது இதிலுள்ள வேடிக்கை. ஆய்வாளர் தாம் கண்டதைப் பகிரங்கப்படுத்தவே குறை திருத்தப்பட்டது.

காகிதச் சீட்டைக் கலைக்கும் பொறியும் பிழைத்ததுண்டு. பத்துத் தட்டுகளில் சீட்டுகளை இட்டுக் கலைக்கும் ஒரு பொறியை அதனை அமைத்தவர்களே பரிசோதிக்கும்படி கேட்க, இளமையிலே செப்படி வித்தைக்காரராக இருந்து பின்னர் கணிதப் பேராசிரியரான பேர்சி டயகோனிஸ் இரு துணைவரோடு அதை ஆராய்ந்தார். நன்கு கலைந்த கட்டிலே, ஒவ்வொரு சீட்டையும் பார்த்தபின் அடுத்ததை ஊகித்தால் 52இல் சராசரி நாலரை சரியாகும். அப்பொறி கலைத்த கட்டிலோ ஒன்பதரை சரியாயின. 2013இல் அவ்வாய்வு வெளிவந்தது. பொறியும் தன் சுவட்டை விட்டுச் செல்லலாம் என்பதற்கு அது சான்று.

குறையை அறிந்தவன் குறுக்கு வழியிற் செல்வதும் உண்டு. நெவாடாச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சபையிலே பொறிகளைப் பரிசோதிக்கும் பணியில் இருந்த றொனால்ட் ஹரிஸ் என்பவர், தாம் காவல் காக்கவேண்டிய கணக்கு முறைகளையே தமக்குச் சாதகமாக்கினார். 1995ஆம் ஆண்டு சனவரியில் அவருடைய கூட்டாளி அத்திலாந்திக் சிற்றியிலே எண் தெரியும் ஆட்டமொன்றில் 100,000 டொலர் வென்றபோது ஐயம் எழுந்தது; விசாரணை சிறைவாசத்தில் முடிந்தது. இவ்வழியை எண்கலை என்று சொல்லுதல் தகாது. தோர்ப் எல்லோர் கண்முன்னும் கிடந்த சீட்டைப் பார்த்து வென்றார். இவரோ பிறர் காணமுடியாததைக் கண்டு கவர்ந்தார். அறிவுக்கும் களவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே ஆராய்ச்சியின் முடிவு ஐயத்துக்கு இடமற்றது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முழுக்கட்டையும் புதிதாகக் கலைக்கும் பொறியைச் சீட்டெண்ணி வெல்லுதல் இயலாது. திறமை குறைந்ததனால் அன்று. எண்ணுவதற்கு அங்கே பொருளே இல்லாமையினால். இருளான அறையிலே கூர்மையான கண்ணும் குருட்டுக் கண்ணும் ஒன்றே.

இவ்வாறிருந்தும் பொறிமுன் அமர்ந்தவன், 'இவ்வளவு நேரம் சிறு சீட்டுகள் வந்தன, இனிப் பெருஞ்சீட்டு வரவேண்டும்' என்று பணயத்தை உயர்த்துகின்றான். மேசையிலே மெய்யான அவ்வெண்ணம் பொறியிலே பொய். ஆனால் இரண்டும் ஒரே உருவம் பூண்டு வருகின்றன. திரையிலே தோன்றும் ஆசும் ராணியும் காகிதச் சீட்டைப் போலவே இருக்கின்றன. தோர்ப்பின் வெற்றி உண்மைக் கதையாதலால், அதை நம்பித் தன் உழைப்பின் பயனையும் குடும்பத்தின் சேமிப்பையும் இழப்பவனை மூடன் என்று தள்ளிவிடவும் முடிவதில்லை. அவன் அறிந்த பாடம் சரியானது. பாடத்தைப் பிரயோகித்த இடமே தவறானது.

வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். தோல்வியை மாத்திரம் அவர் கடியவில்லை. வென்ற பொருளையும் மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார். தோர்ப் அதை உணர்ந்தவர் போலும். சூதாட்ட மேசையிலே நெடுங்காலம் தங்காமல், தாம் கண்ட கணித வழியைப் பங்குச் சந்தையின் ஆராய்ச்சிக்குத் திருப்பினார். நளனும் இழந்த நாட்டை மீட்டபின் சூதுக் காயைக் கையில் எடுத்தானல்லன். எண்ணத் தெரிந்தவனுக்கு எப்போது எண்ணவேண்டும் என்பது தெரியும். எண்ணுவதற்கு எதுவுமில்லாத இடத்திலிருந்து எழுந்து செல்லவும் அவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.